சர்க்கார் அனுமதித்த சரக்கு: கஞ்சாச் சட்டமும் நம் வியாபாரமும்



ஹாட்யாய்க்கும் பேங்காக்குக்கும் சரக்கெடுக்கப் போய் வரும் நம் வியாபாரிகளில் சிலர் கடந்த சில ஆண்டுகளாக நம்மிடம் ஒரு கேள்வி கேட்டு வருகின்றனர். "தாய்லாந்து அரசாங்கமே கஞ்சாவை அனுமதித்து விட்டதே, அங்கே சட்டப்படியான சரக்காகிவிட்ட அதற்கு முதல் போட்டால் என்ன? நம் கடையை அதற்கு வாடகைக்கு விட்டால் என்ன?" என்பதே அது. கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. லைசென்சு கிடைத்தால் தொழில் சுத்தம் என்று எண்ணுவது வியாபாரியின் சுபாவம். ஆயினும் இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன: ஒரு தேசம் ஒரு பொருளை அனுமதிப்பதன் பொருள் யாது, மார்க்கம் அதனை எவ்வாறு நோக்குகிறது என்பவை. இரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

முதலில் தாய்லாந்தின் கதை. 2019-ஆம் ஆண்டில் அந்நாடு மருத்துவத்திற்கு மட்டும் கஞ்சாவை அனுமதித்தது. தென்கிழக்காசியாவில் அவ்வாறு செய்த முதல் நாடு அதுவே. பூம்ஜாய்தாய் கட்சித் தலைவர் அனுடின் சான்விரகுல், குடியானவர்களுக்கு இது புதிய பணப்பயிர் என்று தேர்தலில் பிரசாரம் செய்து, பின்னர் சுகாதார அமைச்சரும் ஆனார். 2022 ஜூன் 9-ஆம் தேதி கஞ்சாச் செடி போதைப்பொருள் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. பத்து லட்சம் கன்றுகள் இலவசமாக வழங்கப்படும் என்றும் அறிவிப்பு வந்தது. விநோதம் யாதெனில், தடையை நீக்கும் உத்தரவு வந்ததே தவிர, யார் விற்கலாம், எப்படி விற்கலாம் என்று சொல்லும் முழுச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றவே இல்லை. இருபது வயதுக்குட்பட்டோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் விற்கலாகாது என்பது போன்ற விதிகளை அமைச்சகம் அவசர அவசரமாக ஒட்டுப்போட்டது. அதற்குள் ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்துவிட்டன.

2024-இல் அன்றைய பிரதமர் ஸ்ரெத்தா தவிசின், கஞ்சாவை மீண்டும் போதைப்பொருளாக்க வேண்டும் என்றார். கூட்டணிக் கட்சியின் எதிர்ப்பால் அது நடக்கவில்லை. 2025 ஜூனில் அக்கட்சி கூட்டணியை விட்டு வெளியேறியது. அதே மாதத்தில், சீட்டு இல்லாமல் கஞ்சாப் பூவை விற்கலாகாது என்ற உத்தரவு அரசிதழில் வெளியாயிற்று. மூன்றே ஆண்டுகள்! கடைக்கு முன்பணம் கட்டி, அலமாரி அடித்து, சரக்கு நிரப்பியவர்கள் பலர் உத்தரவைப் படித்துக் கைபிசைந்தனர். ஓர் அமைச்சரின் கையெழுத்தால் திறந்த வாசலை இன்னோர் அமைச்சரின் கையெழுத்து மூடவல்லது. இதனை ஹராம் ஹலால் பேசுமுன்பே, வெறும் வியாபாரக் கண்ணோடு பார்த்தாலும் இது நிலையான தொழில் அன்று என்பது விளங்கும்.

உருகுவே தேசம் 2013-இலும், கனடா 2018 அக்டோபர் 17-ஆம் தேதியிலும் தேசம் முழுமைக்குமாகக் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கின. ஜெர்மனி 2024 ஏப்ரலில் ஓரளவுக்கு அனுமதித்தது. இவற்றை விட்டு அமெரிக்காவைக் கவனிப்போம். கணக்கு வழக்கு அறிந்த நம்மவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டிய விசித்திரம் அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவின் சமஷ்டி சர்க்கார் 1970-இல் இயற்றிய சட்டத்தில் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து முதல் அட்டவணையில் வைத்தது. ஆனால் கலிபோர்னியா 1996-இல் மருத்துவத்திற்கும், கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் 2012-இல் பொது உபயோகத்திற்கும் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் அனுமதித்தன. பின்னர் பல மாநிலங்கள் தொடர்ந்தன. ஆகவே ஒரே கடை, மாநிலச் சட்டத்தில் லைசென்சு பெற்ற கடை. சமஷ்டிச் சட்டத்தில் குற்றக் கூடம். பேங்குகள் சமஷ்டிச் சட்டத்துக்கு அஞ்சி அவர்களுடைய பணத்தைத் தொடத் தயங்கின. எனவே ரொக்கத்தை மூட்டையாகக் கட்டி வைத்து, காவலாளி போட்டு வியாபாரம் செய்ய வேண்டியதாயிற்று.

வரியோ அதனினும் கொடுமை. 1981-இல் போதைப்பொருள் விற்ற ஒருவர் தம் தொழிற் செலவுகளைக் கழித்துக்கொள்ளலாம் என்று வரி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல, மறு ஆண்டே காங்கிரஸ் சபை ஒரு புதிய விதி செய்தது. முதல் இரண்டு அட்டவணைகளில் உள்ள சரக்கை விற்பவர், சரக்கின் அடக்க விலையைத் தவிர வேறு எச்செலவையும் கழிக்கலாகாது என்பது அவ்விதி. நம் கடைக் கணக்கில் வைத்துப் பாருங்கள். விற்பனை 100 வெள்ளி, அடக்கம் 60, வாடகை, சிப்பந்திகள் சம்பளம் முதலிய செலவு 30, மிச்சம் 10. நியாயப்படி அந்த 10 வெள்ளிக்குத்தான் வரி. இவ்விதிப்படியோ 40 வெள்ளிக்கு வரி. கம்பெனி வரி 21 சதவீதம். அதாவது 8 வெள்ளி 40 காசு. ஐந்தொகை போட்டால் கையில் நிற்பது 1 வெள்ளி 60 காசு! தேசிய அளவில் சட்டமாக்க வேண்டும் என்று அங்கே குரல் எழுப்புகிறவர்களில் முதலாளிகள் ஏன் முன் நிற்கிறார்கள் என்பது இப்போது விளங்கும். 2020-இலும் 2022-இலும் கீழ்ச்சபை தடை நீக்க மசோதாவை நிறைவேற்றியது. மேற்சபை இரண்டு முறையும் நிறைவேற்றவில்லை. முதல் அட்டவணையிலிருந்து மூன்றாம் அட்டவணைக்கு இறக்கும் உத்தேசத்தை 2024-இல் சர்க்காரே வெளியிட்டது.

நிற்க. அனுமதி வேண்டும் என்போர் சொல்வதில் நியாயமே இல்லையென்று நாம் தள்ளிவிடலாகாது. சிறு அளவு வைத்திருந்த ஏழை வாலிபர்கள், குறிப்பாகக் கறுப்பின மக்கள், ஆயிரமாயிரமாய்ச் சிறைப்பட்டது மெய். தடையினால் கள்ளச் சந்தை கொழுத்ததும் மெய். கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு மருந்து, குழந்தைகளின் கடுமையான காக்காய் வலிப்புக்கு 2018-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஐ.நா. போதைப்பொருள் ஆணையமும் 2020 டிசம்பரில், 27-க்கு 25 என்ற வாக்கு வித்தியாசத்தில், கஞ்சாவை மிகக் கடுமையான அட்டவணையிலிருந்து நீக்கியது. மற்றக் கட்டுப்பாடுகள் நீங்கவில்லை. எதிர்த் தரப்பார், வளரும் வயதினரின் மூளைக்கும் மனநிலைக்கும் அது செய்யும் தீங்கையும், இக்காலக் கஞ்சாவின் வீரியம் பழங்காலத்ததைவிடப் பன்மடங்கு ஏறியிருப்பதையும், போதையில் வண்டி ஓட்டுவோரையும் காட்டுகின்றனர். சிறைவாசம் பற்றிய வாதமே அனுமதிப்போரின் வாதங்களில் கனமானது என்பது நம் கருத்து. மிக மெலிந்தது, கஜானாவுக்கு வரி வரும் என்ற வாதம்.

ஏனெனில் அந்த வாதத்தின் முடிவை இந்த மண் கண்டிருக்கிறது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களை ஆண்ட ஆங்கிலேயர், அபின் குத்தகையை ஏலம் விட்டார்கள். 1910-இல் சண்டு காய்ச்சி விற்கும் தொழிலைச் சர்க்காரே எடுத்துக்கொண்டது. அரசாங்க வருமானத்தில் பெரும் பங்கு அதிலிருந்தே வந்தது. ரிக்‌ஷா இழுத்த ஏழையின் நுரையீரலிலிருந்து ரோடும் பாலமும் போட்டார்கள் என்றால் மிகையாகாது. தீமை என்று அறிந்தும் விடமுடியாமல், இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பிறகுதான் அபினை முழுதும் தடுத்தார்கள். கஞ்சா விஷயத்திலும் அதே ஆங்கிலேயர் 1893-இல் இந்தியாவில் ஒரு விசாரணைக் குழு அமைத்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த அக்குழு, முழுத்தடை வேண்டாம், லைசென்சும் தீர்வையும் போதும் என்று 1894-இல் சொல்லிற்று. இன்று மேல்நாடுகளில் நடக்கும் விவாதம் புதியதன்று!

இனி மார்க்கத்துக்கு வருவோம். திருமறையின் மாயிதா அத்தியாயம் 90-ஆம் வசனம் மதுவை விலக்குகிறது. மதுவில் சில பயன்கள் உண்டெனினும் பாவம் பெரிது என்று பகரா அத்தியாயம் 219-ஆம் வசனம் உணர்த்துவதையும் கவனிக்க. போதை தருவது யாவும் மதுவின் இனமே என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. கஞ்சாவின் பிசினும் இலையும் முஸ்லிம் நாடுகளில் பரவியபோது ஆலிம்கள் வாளாவிருக்கவில்லை. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் ஷாபிஈ அறிஞர் இமாம் ஸர்கஷீ அவர்கள் இதற்கென்றே தனி நூல் எழுதினார்கள். தண்டனை என்ன, அது நஜீஸா என்பவற்றில்தான் அபிப்பிராய பேதம். ஷாபிஈ மத்ஹபில் திடப்பொருளாகையால் நஜீஸ் அன்று என்பர். போதைக்காக உட்கொள்வது ஹராம் என்பதில் பேதமில்லை. மருத்துவர் தரும் மருந்தாக, வேறு வழியில்லாத நிலையில், தேவையான அளவுக்கு மார்க்கம் இடம் தருகிறது. வலிப்பு நோயாளிக் குழந்தையின் மருந்துக்கும் ஹாட்யாய்க் கடையின் பிஸ்கோத்துக்கும் உள்ள தூரத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

குடிக்கவில்லை, விற்கத்தானே செய்கிறோம் என்பவர்கள் திர்மிதீயிலும் இப்னு மாஜாவிலும் உள்ள ஹதீஸை நினைக்க வேண்டும். மது விஷயத்தில் சபிக்கப்பட்ட பத்துப் பேரில் குடிப்பவர் ஒருவரே. பிழிபவர், சுமப்பவர், விற்பவர், வாங்குபவர், அதன் கிரயத்தை உண்பவர் எல்லாரும் அதில் அடங்குவர். வாடகை பற்றி ஹனபி நூல்களில் ஒரு பழைய பேச்சு உண்டு. மது விற்கும் பிற மதத்தினருக்கு வீடு விடுவதில் இமாம் அபூஹனீபா அவர்கள் சில இடங்களுக்குத் தளர்வு சொன்னார்கள்; அவர்களின் இரு மாணாக்கர்களும் அதனை மறுத்தார்கள். ஷாபிஈ நூல்கள், நோக்கம் தெரிந்து விடுவதை ஹராம் என்றே கூறும். மேலும் நம் ஊர் அனுபவமே இருக்கிறது. இந்த நாட்டில் பீர் விற்க லைசென்சு கிடைக்கும். பக்கத்துக் கடையில் விற்கிறார்கள். இரவு வியாபாரம் இரட்டிக்கும் என்பதும் தெரியும். நம் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் அதைத் தொடவில்லையே! சட்டம் அனுமதிக்காததாலா?

நம் நாட்டுச் சட்டங்களையும் சுருக்கமாய்ச் சொல்லிவிடுவோம். மலேசியாவில் 1952-ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டப்படி 200 கிராம் கஞ்சா கையில் இருந்தாலே கடத்தல் என்று அனுமானிக்கப்படும். 2023-இல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டு நீதிபதியின் தீர்மானத்துக்கு விடப்பட்டதே தவிர, மரண தண்டனை எடுபடவில்லை. சிங்கப்பூரில் அனுமான அளவு 15 கிராம். 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. சிங்கப்பூர்ப் பிரஜையோ நிரந்தரவாசியோ வெளிநாட்டில் உபயோகித்தாலும் உள்நாட்டில் உபயோகித்ததாகவே வழக்கு நடக்கும். தாய்லாந்தில் அனுமதி உண்டு என்ற பதில் செல்லாது. பிஸ்கோத்து, பானம், தைலம், சவுக்காரம் எந்த உருவில் இருந்தாலும் சரக்கு சரக்கே. தாய் மொழியிலும் அதன் பெயர் 'கன்சா'. நம் நாட்டுச் சொல்தான் அங்கே போயிருக்கிறது. எழுத்துப் படிக்கத் தெரியாவிட்டால் பாக்கெட்டில் ஐந்து விரல் போன்ற இலைப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறர் கொடுக்கும் பொதியை முகதாட்சண்யத்துக்காகச் சுமக்காதீர்கள். கையில் வைத்திருந்தவருக்கு உள்ளே இருப்பது தெரியும் என்றே சட்டம் அனுமானிக்கும். தெரியாது என்று மெய்ப்பிக்கும் பாரம் சுமந்தவர் தலையில்.

ஏற்கெனவே இத்தொழிலில் பங்கு போட்டுவிட்டவர்கள் என்ன செய்வது என்றும் ஒருவர் கேட்டார். கூட்டை முறித்துக்கொண்டு, போட்ட முதலை மட்டும் திரும்பப் பெற முயல வேண்டும். கைக்கு வந்துவிட்ட லாபத்தைக் குடும்பச் செலவில் கலக்கலாகாது. விலக்கப்பட்ட பணத்தை என்செய்வது என்பது பற்றி இமாம் கஸ்ஸாலீ அவர்கள் கூறியதை இமாம் நவவீ அவர்கள் தம் மஜ்மூஃ நூலில் எடுத்துச் சொல்கிறார்கள்: உரியவரிடம் சேர்க்க வழியில்லையெனில் பாலம் போன்ற பொதுக் காரியங்களுக்கோ ஏழைகளுக்கோ கொடுத்துவிட வேண்டும் என்பதே அது. கொடுப்பவர் அதனை ஸதகாவின் நன்மையாக எண்ணிக்கொள்ளலாகாது. ஜகாத்திலும் அதைக் கழிக்கலாகாது. எவ்வளவு முதல், எவ்வளவு லாபம் என்று பிரிப்பதில் சிக்கல் இருந்தால், கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தம் ஊர்ப் பள்ளிவாசல் இமாமிடம் செல்வது நலம்.