பச்சோந்திக் குஞ்சும் அதன் புதுமனையும்

உலகத்து உயிர்களுள் தாயின் முகத்தை ஒருநாளும் காணாது வாழ்க்கை தொடங்குவன பல. பச்சோந்தி அவற்றுள் ஒன்று. சொல் நிலையாதாரை நாம் இதன் பெயரிட்டு இகழ்கின்றோம். ஆயினும் இச்சிற்றுயிரின் இயல்பை அறிந்து இகழ்வார் மிகச் சிலரே. இதன் குஞ்சொன்று மனிதர் இல்லத்திற்கு வந்து சேருங்கால், அதனை அச்சமின்றி வாழச் செய்வது எவ்வாறு என்பதனை ஈண்டு ஒருசிறிது ஆராய்வோம்.

நம் நாட்டிலும் இலங்கையிலும் மரங்களில் வாழும் பச்சோந்தியை யாம் இங்குக் கருதினோமல்லேம். அதனைப் பிடித்தலும் வீட்டில் அடைத்து வைத்தலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் இந்தியாவில் விலக்கப்பட்டன. அது கிளையில் இருக்கவே கண்டு மகிழ்தல் நம் கடன். யாம் கூறப்புகுவது ஏமன் நாட்டிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியிலும் பிறந்த இனத்தைப் பற்றியது. அதன் தலைமேல் கூம்பிய முடியொன்று உயர்ந்து நிற்கும். அதுபற்றியே 1851ஆம் ஆண்டில் அதற்கு ‘முக்காடிட்டது’ என்னும் பொருளுடைய கலிப்ட்ராட்டஸ் என்ற பெயர் வழங்கலாயிற்று. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கூட்டிலேயே முட்டையிட்டுப் பெருக்கப்பட்ட இவ்வினத்தைப் பலர் தம் இல்லங்களில் வளர்க்கின்றனர்.

தாய்ப்பச்சோந்தி மண்ணைத் தோண்டி முட்டைகளை இட்டு மூடிவிட்டு அகன்றுவிடும். அவை பொரிய ஆறு முதல் ஒன்பது திங்கள் வரை செல்லும். வெளிவரும் குஞ்சோ ஏறக்குறைய மூன்று அங்குல நீளமே உடையது. ஊட்டுவாரும் காப்பாரும் இன்றி, அன்றே கிளையேறி இரைதேடத் தொடங்கும். பறவைக்கும் பாம்புக்கும் இரையாகும் உயிராதலின், அசையாமல் மறைந்திருத்தலே அதற்கு அரண். இந்த ஓர் உண்மையை நெஞ்சிற்கொண்டால், பின்வரும் விதிகள் யாவும் தாமே விளங்கும்.

முதலாவது, விருந்தினர் வருமுன் வீட்டை ஒழுங்குசெய்வதுபோல், குஞ்சு வருமுன்னரே கூட்டை அமைத்து விளக்கு, வெப்பம் முதலியவற்றைச் சோதித்தல் வேண்டும். நாற்புறமும் காற்றோடும் வலைக்கூடு சிறந்தது. இளங்குஞ்சிற்குப் பதினாறு அங்குலச் சதுரமும் இருபது அங்குல உயரமும் போதும். வளர்ந்தபின் இரண்டடிச் சதுரமும் நான்கடி உயரமும் உள்ள கூடு வேண்டும். அதனுள் செம்பருத்தி, மணி பிளாண்ட் போன்ற செடிகளையும், குஞ்சின் பாதம் பற்றிக்கொள்ளத்தக்க மெல்லிய கிளைகளையும் நிறைத்தல் நன்று. அதன் விரல்கள் இரண்டும் மூன்றுமாகப் பிரிந்து இடுக்கிபோல் அமைந்தவை. தட்டையான தரை அவற்றிற்கு ஏற்றதன்று. மேலும், கூட்டை உயரத்தில் வைக்க. கீழ்நோக்கிக் குனியும் முகம் அதற்குப் பருந்தின் முகமேயாம். ஒரு கூட்டிற்கு ஒரு குஞ்சே உரியது. கண்ணாடியில் தோன்றும் தன் சாயலும் அதனை வருத்தும்.

இரண்டாவது, வெப்பமும் ஒளியும். தன் உடலிலிருந்தே வெப்பம் உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கில்லை. ஆதலின் கூட்டின் மேற்பகுதியில் ஓரிடம் 80 முதல் 85 பாரன்ஹீட் டிகிரி வரை வெதுவெதுப்பாகவும், கீழ்ப்பகுதி அதனினும் குளிர்ந்தும் இருத்தல் வேண்டும். வேண்டுழி ஏறவும் இறங்கவும் அதற்கு உரிமை கொடுத்தலே கருத்து. இரவில் விளக்கனைத்து இருளும் குளிர்ச்சியும் தருக. பகல் பன்னிரண்டு மணி நேரம் புற ஊதாக்கதிர் தரும் விளக்கும் இன்றியமையாதது. அக்கதிர் தோலிற் படுவதால் உயிர்ச்சத்து டி உண்டாகி, உணவிலுள்ள கால்சியம் எலும்பிற் சேர்கின்றது. சன்னற்கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும். எனவே கண்ணாடிவழி வரும் வெயிலை நம்பியிருத்தல் பிழை. இக்குறை நேர்ந்த குஞ்சின் கால்கள் வளையும், தாடை மென்மையாகும், ஈற்றில் இரைமேல் நாவை வீசவும் இயலாது அது மடியும்.

மூன்றாவது, நீர். கிண்ணத்தில் நிற்கும் நீரை இப்பிராணி நீரென்று பெரும்பாலும் உணர்வதில்லை. இலைமேல் உருளும் பனித்துளியும் மழைத்துளியுமே அது அறிந்த நீர். கிண்ணம் நிறைய நீரிருந்தும் குஞ்சு விடாயால் இறப்பது இதனாலேயே. காலையும் மாலையும் இலைகள்மீது நுண்திவலையாக நீர் தெளிக்க. இடையில் இலைகள் உலரவும் விடுக. என்றும் ஈரமாயிருக்கும் கூடு நோய்க்கு இடமாம்.

நான்காவது, உணவு. குஞ்சின் இரு கண்களுக்கு இடையேயுள்ள அகலத்திற்கு மேற்படாத சிறு சுவர்க்கோழிகளும் பழ ஈக்களும் தக்க இரை. அவ்விரைக்கு முன்னரே நல்ல கீரை முதலியன ஊட்டி, கால்சியம் பொடி சிறிது தூவிக் கொடுத்தல் வேண்டும். வளரும் பருவமாதலால் நாடோறும் உணவு தேவை. எஞ்சிய சுவர்க்கோழிகளை மாலையில் அகற்றாவிடின், அவை உறங்கும் குஞ்சைக் கடிக்கும்.

இவை நான்கும் பொருளாற் செய்யத்தக்கன. ஐந்தாவது விதியோ பொறுமையாற் செய்யத்தக்கது, அரியதும் அதுவே. குஞ்சு வந்த நாளில் வீட்டார் சூழ்ந்து நிற்பர். நெடுநாள் காத்திருந்த சிறுவன் கையிலெடுத்துத் தடவ விழைவான். அவ்விழைவு அன்பினின்றும் எழுந்ததே. ஆயினும் அக்கை குஞ்சிற்குத் தன்னை விழுங்கவரும் வாயாகவே தோன்றும். பயணப்பெட்டியைத் திறந்து அதன் வாயிலில் ஒரு கிளையை வைத்துவிட்டு விலகி நிற்க. அது தானே பற்றி ஏறட்டும். பற்றியிருக்கும் கால்களைப் பிடித்திழுத்தல் கூடாது. கூட்டின் மூன்று புறங்களைத் துணியால் மறைத்து, இரண்டு வாரமேனும், உணவும் நீரும் தரும் பொழுதன்றிக் கூட்டினுட் கைவையாதிருத்தல் நன்று. முதல் நாள் அது சிறிதே உண்டாலும் கலங்கற்க. அதன்பின், சிறுவன் கையில் ஓர் இரையை ஏந்தி அசையாதிருந்து காத்திருப்பானாயின், ஒருநாள் குஞ்சு தன் இரு கண்களையும் இரைமீது திருப்பி, உடலினும் நீண்ட நாவை வீசி இரையைக் கவரும். அந்நாளில் அவன் பெறும் மகிழ்ச்சி, பற்றிப் பிடித்தலால் என்றும் பெறவியலாதது.

வாயில்லா உயிராதலின் அதன் குறைகளை அடையாளங்களாலேயே அறிதல் வேண்டும். பகலிற் கண்மூடியிருத்தல், கண் குழிவிழுதல், உடல் நெடுநேரம் கருத்திருத்தல், எச்சத்தின் வெண்பகுதி செம்மஞ்சளாதல் ஆகியன தீக்குறிகள். குழிவிழுந்த கண்ணும் செம்மஞ்சள் எச்சமும் பெரும்பாலும் நீர்க்குறையைக் காட்டும். இவை நீடித்தாலும், ஓரிரு நாள்களுக்கு மேல் உணவை மறுத்தாலும், ஊர்வனவற்றின் நோய் அறிந்த கால்நடை மருத்துவரை நாடத் தாழ்த்தலாகாது. இளங்குஞ்சு விரைவில் மெலிந்து அழியும்.

இனி, நாம் இகழும் அந்நிறமாற்றத்தைச் சிறிது நோக்குவோம். ஜெனீவாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் மடகாஸ்கர்த் தீவின் சிறுத்தைப் பச்சோந்தியை ஆராய்ந்து, அதன் தோலிலுள்ள நுண்படிகங்களின் இடைவெளி மாறுதலால் நிறம் மாறுகின்றதென 2015ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பச்சோந்தி நிறம் மாறுவது பெரும்பாலும் பிறரை வஞ்சித்தற்கன்று. குளிரும் வெயிலும், அச்சமும் சினமும், அமைதியும் ஆகிய தன் நிலைகளுக்கேற்பவே அது மாறுகின்றது. உள்ளத்தில் ஒன்றும் புறத்தில் ஒன்றுமாக ஒழுகுவாரை அதனோடு ஒப்பிடுதல் எங்ஙனம் பொருந்தும்? தன் உள்நிலையை உடல் முழுவதும் எழுதிக் காட்டும் உயிரன்றோ அது! புதுமனையிற் சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் அதன் கருமை நீங்கி இளம்பச்சை பரவக் காண்போர், தாம் விலகிநின்ற நாள்கள் வீண்போகவில்லை என்று அறிவர்.