கடுக்காய் போய் அல்வா வந்தது

கேள்வி: ‘திருநெல்வேலிக்கே அல்வாவா?’ என்பது ஏதோ சினிமா வசனம்தானே? (ஒரு வாசகர், பேட்டை)

பதில்: வசனம் புதுசாக இருக்கலாம், கேலி ரொம்பப் பழசு. ஒரு சரக்கு விளைகிற இடத்துக்கே அதைச் சுமந்துகொண்டு போய் விற்கப் பார்க்கிறவனை, ‘கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்துட்டான்’ என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதே கேலிதான். அந்த ஊசி பழமொழி நானூற்றிலேயே இருக்கிறது. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான அந்த நூலில் முன்றுறை அரையனார் வெண்பாவுக்கு ஒரு பழமொழி வைத்துப் பாடியிருக்கிறார். அவற்றில் ஒன்றில், கொல்லர் சேரிக்கு ஊசி விற்கப் போகிற ஆசாமி ஒருவர் வருகிறார். ஊசிக்கு அங்கே சொல் ‘துன்னூசி’. துன்னுதல் என்றால் தைத்தல். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துத் தையற்காரர்களுக்குத் துன்னகாரர் என்று பெயர்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாம் தொகுத்தவை பண்டைக்காலப் பழமொழிகள் என்று அரையனாரே பாயிரத்தில் சொல்லிவிடுகிறார். அவர் காலத்திலேயே அது கிழட்டுச் சொல். இன்று கொல்லன் தெருவும் இல்லை, ஊசியும் பெட்டிக்கடைக்கு வந்துவிட்டது. கேலி மட்டும் பிழைத்துக்கொண்டு, நம் ஊர் அல்வாவின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

கேள்வி: அப்படியானால் ‘அல்வா கொடுத்துட்டான்’ என்றால் ஏமாற்றிவிட்டான் என்று ஆனது எப்படி? எங்கள் ஊருக்கு இது அவமானம் இல்லையா? (ஒரு வாசகி, வீரவநல்லூர்)

பதில்: அவமானம்தான், அம்மா. ஆனால் சாயங்காலம் கீழரத வீதியில் இருட்டுக்கடை வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் யாரும் அதை மனசில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. போன மாதம் எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றார். கையில் இலைத் துண்டு, இலையில் நூறு கிராம் சுடச்சுட. விரலில் எடுத்தால் வழுக்குகிறது, வாயில் போட்டால் மெல்ல வேலையில்லை, நெய் முழங்கை வரை வழிகிறது. பக்கத்தில் நின்ற வெளியூர்ப் பையன் கைப்பேசியில் யாரிடமோ, “மாப்ளே, எனக்கு அல்வா குடுத்துட்டாம்ல” என்று புலம்பிக்கொண்டிருந்தான். பெரியவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். “யாருவே குடுத்தது? எந்தக் கடை?” என்று விசாரித்தார்.

இந்தப் பேச்சுக்குப் பலரும் கைகாட்டுவது 1994-ல் வந்த ‘அமைதிப்படை’ படத்தை. மணிவண்ணன் இயக்கம், சத்யராஜ் நடிப்பு. படம் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அச்சு முன்பே தயாராக இருந்தது. ‘கடுக்காய் கொடுத்தான்’, ‘டிமிக்கி கொடுத்தான்’ என்று, எதையாவது கையில் கொடுத்துவிட்டு நழுவுகிறவனைப் பற்றித் தமிழன் ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருந்தான். கடுக்காய் இருந்த இடத்தில் அல்வாவை வைத்தார்கள், அவ்வளவே. துவர்ப்பைக் கொடுத்து ஏமாற்றுவதைவிட இனிப்பைக் கொடுத்து ஏமாற்றுவது நடைமுறைக்கும் பொருத்தம். கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் எடுத்து, நெய்யும் சர்க்கரையும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுகிறவருக்குத்தான் இது அநியாயம்.

கேள்வி: ‘மாமனா, மச்சானா?’ என்று கட்டபொம்மன் ஜாக்சன் துரையைக் கேட்டது உண்மையா? ‘எட்டப்பன் வேலை’ என்ற பேச்சும் அந்தக் காலத்ததுதானே? (ஒரு கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: உங்கள் ஊர்ப் பக்கம் தீர்வை கட்டச் சொல்லி ஆள் வந்தாலும் சரி, பஸ்ஸில் நடத்துநர் சில்லறை கேட்டாலும் சரி, இந்த வசனத்தில் பாதியாவது யாராவது எடுத்து விடாமல் இருப்பதில்லை. 1798-ல் ராமநாதபுரத்தில் ஆட்சியர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்தித்தது உண்மை. அது கைகலப்பில் முடிந்து, கிளார்க் என்ற ஆங்கில அதிகாரி செத்ததும் உண்மை. ஆனால் அந்த வசனம் சக்தி கிருஷ்ணசாமி எழுதியது. 1957-ல் சிவாஜி நாடக மன்றத்தின் மேடையில் பிறந்து, 1959-ல் பி.ஆர். பந்துலுவின் படத்தில் ஊரையே மனப்பாடம் செய்யவைத்தது. கட்டபொம்மனின் குடும்ப மொழி தெலுங்கு. ஜாக்சனோடு பேசுவதென்றால் நடுவில் மொழிபெயர்க்கத் துபாஷி வேண்டும். அடுக்குமொழியில் மூச்சுவிடாமல் பொழிந்திருந்தால் துபாஷி என்ன பாடுபட்டிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஆக, சினிமாக்காரர்கள் சொன்னது என்று நாம் நினைக்கிற அல்வாவுக்குள் அரையனாரின் ஊசி இருக்கிறது. கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையில் பிறந்ததாக நினைக்கிற வசனமோ என் அப்பா தலைமுறையைவிட இளையது.

எட்டப்பன் விஷயம் இன்னும் சிக்கல். எட்டயபுரம் பாளையக்காரர் கும்பினியார் பக்கம் நின்றது மறைக்க முடியாதது. பிறகு பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் பங்கும் கிடைத்தது. ஆனால் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது அவரில்லை, புதுக்கோட்டைத் தொண்டைமான். அப்படியிருக்க வசவுச் சொல் மட்டும் ஏன் எட்டப்பனுக்கு? படத்தில் வி.கே. ராமசாமி அந்த வேடத்தைச் செய்த விதத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. தவிர, ‘தொண்டைமான் வேலை’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் ஒட்டவில்லை. ‘எட்டப்பன்’ என்பதில் இரண்டு வல்லின இரட்டிப்பு இருக்கிறது, திட்டுவதற்கென்றே செய்தது போல.

எட்டப்பன் என்பது ஓர் ஆளின் பெயரே அல்ல, அந்த வம்சத்தின் பட்டம். அந்த வம்சம் ஆண்ட எட்டயபுரத்தில்தான் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் வாழ்ந்தார். முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் கண்மூடியது அங்கே. சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-ல் அச்சேறியது அங்கே. 1882-ல் பிறந்த சுப்பிரமணியன் என்ற பிள்ளைக்கு ‘பாரதி’ என்ற பட்டம் கிடைத்ததும் அங்கேதான். இத்தனை இருந்தும், அந்த ஊர்க்காரர்கள் பேருந்தில் ஊர்ப் பெயரைச் சொல்லி டிக்கெட் எடுக்கும்போது பின்சீட்டிலிருந்து யாராவது சிரிப்பதை நானே கேட்டிருக்கிறேன்.

நேரமிருந்தால் மதுரை நெடுஞ்சாலையில் கயத்தாறில் இறங்குங்கள். 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்ட ஊர். அந்த இடத்தை விலைக்கு வாங்கிச் சிலை வைத்தவர், படத்தில் கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசன். ரோட்டோரம் நின்று அண்ணாந்து பார்த்தால், மீசை, இடுப்பில் வாள், நிற்கிற தோரணை எல்லாம் சேர்ந்து, அச்சு அசல் சிவாஜியாகவே இருக்கிறது.