பதினெட்டில் ஒரு பங்கு

அன்புள்ள வாசகருக்கு,

பரணை ஒழித்தபோது பிஸ்கட் டின் ஒன்றில் நான்கு ஜி.ஐ. ஜோ பொம்மை வீரர்கள் கிடைத்ததாகவும், ஒருவரிடமும் துப்பாக்கியோ முதுகுப்பையோ மிச்சமில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். ஒருவருக்கு இடுப்பே கழன்று, கால் தனி, உடம்பு தனியாகக் கிடக்கிறாராம். இந்த வயதில் இதற்கெல்லாம் உதிரிபாகம் தேடுவது அசட்டுத்தனமா என்றும் கேட்டிருந்தீர்கள். அசட்டுத்தனம்தான். ஆனால் அதில் உங்களுக்குக் கூட்டாளிகள் நிறைய.

அசல் உதிரிகள் கிடைக்காமல் இல்லை. அமெரிக்காவில் இந்தக் குட்டித் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து விற்பவர்கள் உண்டு. நகத்துண்டு அளவு பிளாஸ்டிக்குக்குக் கொடுக்கும் விலையும் அதற்கு மேல் தபால் செலவும் கட்டுப்படியாகாது. வாங்காதீர்கள், செய்யுங்கள். வேண்டிய சரக்கெல்லாம் மேஜை இழுப்பறையிலும் தையல் டப்பாவிலும் குப்பைக்கூடையிலும் இருக்கிறது.

அதற்கு முன்னால், கையில் இருப்பது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1964-ல் வெளியிட்ட முதல் ஜி.ஐ. ஜோ ஓர் அடி உயரம். 1982-ல்தான் அது மூன்றே முக்கால் அங்குலத்துக்கு, அதாவது சுமார் 9.5 செ.மீ.க்கு இறங்கியது. நம் ஊரில் அதைத் தயாரித்து விற்றது 1987-ல் தொடங்கப்பட்ட ஃபன்ஸ்கூல். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். குழுமமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. தொண்ணூறுகளில் இங்கே கடையில் வாங்கியது என்றால் உங்களுடையதும் பெரும்பாலும் அதன் தயாரிப்புதான். ஃபன்ஸ்கூல் வீரர்களில் சிலர் அமெரிக்க ராணுவம் கனவிலும் காணாத பளிச்சென்ற வண்ணங்களில் வந்தார்கள். அந்த வண்ணங்களுக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்று அவர்களைத் தேடி வாங்குகிறார்கள். ஆகவே ஒரே ஒரு கட்டுப்பாடு விதிக்கிறேன்: சாமான்களை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், ஆளின் உடம்பில் பெயின்ட் பிரஷ்ஷை வைக்காதீர்கள்.

கழன்ற இடுப்புக்கு வைத்தியம் பிளம்பிங் சாமான் விற்கும் கடையில் இருக்கிறது. இந்த வீரர்களின் உடம்பையும் காலையும் இழுத்துப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் ஒரு கறுப்பு ரப்பர் வளையம். வருஷக்கணக்கில் பரணில் கிடந்தால் அது காய்ந்து அறுந்துவிடும். முதுகில் தெரியும் குட்டித் திருகைக் கழற்றினால் மார்பும் முதுகும் இரண்டாகப் பிரியும். தலையும் கைகளும் விழுந்துவிடும், பயப்பட வேண்டாம். கடையில் ஓ-ரிங் என்று கேளுங்கள். உள் விட்டம் ஒன்பதரை மி.மீ., தடிமன் இரண்டரை மி.மீ. சுமாராக இருந்தால் போதும். இடுப்புக் கொக்கியில் ஒரு பக்கத்தையும் உடம்புக்குள் இருக்கும் தூணில் மறு பக்கத்தையும் மாட்டித் திருகை முடுக்கினால் ஆள் எழுந்து நிற்பார். திருகைக் கடைசிவரை இறுக்க வேண்டாம், பழைய பிளாஸ்டிக் விரிசல் விடும்.

இனி சாமான்கள். இந்த வேலையின் சூட்சுமம் முழுக்க ஒரே ஒரு எண்ணில் இருக்கிறது: பதினெட்டு. ஐந்தடி எட்டங்குல ஆளைப் பதினெட்டில் ஒரு பங்காகக் குறைத்தால் உங்கள் வீரரின் உயரம் வந்துவிடும். அதனால் வீட்டில் எந்தச் சாமான் கண்ணில் பட்டாலும் அதைப் பதினெட்டால் பெருக்கிப் பாருங்கள். தீப்பெட்டியின் நீளம் சுமார் 5 செ.மீ., அகலம் மூன்றரை. பெருக்கினால் 90 செ.மீ. நீளமும் 63 செ.மீ. அகலமும் வரும், அது ஒரு டிரங்குப் பெட்டி, அல்லது தோட்டாப் பெட்டி. ஜெல் பேனா ரீஃபில் 6 மி.மீ. தடிமன் என்றால் நிஜத்தில் சுமார் 11 செ.மீ. குழாய், தோளில் வைத்துச் சுடும் ராக்கெட் குழலுக்குப் பொருத்தம். சட்டைப் பொத்தான் 11 மி.மீ. என்றால் இருபது செ.மீ. வட்டம், நான்கு ஓட்டையோடு அப்படியே குழாய் வால்வின் சக்கரம். ஜாக்கெட்டில் தைக்கும் இரும்புக் கொக்கியை ஒரு நூலில் கட்டினால் மலையேறுகிறவனின் கயிறும் கொக்கியும் தயார். பிரஸ் பட்டனைக் கவிழ்த்துத் தரையில் வைத்தால் கண்ணிவெடி. இந்தப் பெருக்கல் பழகிவிட்டால் அப்புறம் கடைத்தெருவில் நடக்கவே முடியாது, எதைப் பார்த்தாலும் இன்னொன்றாகத் தெரியும். வீட்டில் இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

உங்களிடம் இருப்பது பெரிய ஆளாக, ஆறு அங்குல மார்வெல் வீரராக இருந்தால் எண் பன்னிரண்டு. ஓர் அடி ஓர் அங்குலமாகும், கணக்கு இன்னும் சுலபம்.

இந்தக் கணக்குக்குப் படியாத பொருள் துணி. வேட்டித் துணியை எவ்வளவு சின்னதாக வெட்டினாலும் அதன் இழை சின்னதாகாது. மேலங்கி தைத்தால் ஆள் ஜமக்காளத்தைப் போர்த்திய மாதிரி நிற்பார். அதற்குப் பதில் டிஷ்யூ காகிதத்தைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து உடம்பின் மேல் சார்த்தி, ஈர்க்குச்சி முனையால் மடிப்பு எடுத்துக் காயவிடுங்கள். நடுவில் மெல்லிய பாலிதீன் வைத்தால் உடம்பில் ஒட்டாது. பெல்ட்டுக்கும் துப்பாக்கி வாருக்கும் மைக்ரோபோர் டேப்பை மிஞ்சியது இல்லை. மருத்துவமனையில் ஊசி போட்ட இடத்தில் ஒட்டுவார்களே, அந்தக் காகித டேப்தான். மேலே பழுப்பு வண்ணம் தீற்றினால் அச்சாக ராணுவக் கித்தான். இரண்டு மி.மீ. அகலத்துக்குப் புது பிளேடால் வெட்டுங்கள். மழுங்கிய பிளேடு டேப்பைக் கிழிக்கும், கையையும் கிழிக்கும்.

துப்பாக்கிக்கு வருவோம், நீங்கள் அதிகம் கேட்டது அதைத்தான். உங்கள் வீரர்களின் பலவீனம் கட்டைவிரல். தடித்த கைப்பிடியைத் திணித்தால் அந்த விரல் பட்டென்று ஒடியும், பழைய ஜி.ஐ. ஜோக்களில் விரல் போனவர்கள் ஏராளம். அதனால் கைப்பிடியிலிருந்து தொடங்குங்கள். பல்குத்தும் குச்சியைக் கையில் நுழைத்துப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் உப்புத்தாளில் தேய்த்து மெலியவைத்து, நுழையும் தடிமன் கிடைத்ததும் அதன்மேல் துப்பாக்கியைக் கட்டி எழுப்புங்கள். நிஜத் துப்பாக்கி 90 செ.மீ. என்றால் உங்களுக்கு வேண்டியது 5 செ.மீ. மட்டுமே. குழலுக்கு ஊதுபத்தி எரிந்தபின் நிற்கும் மூங்கில் குச்சி, உடலுக்கு ஐஸ்கிரீம் குச்சியின் சீவல், தோட்டா உறைக்கு அதே சீவலில் வளைத்து வெட்டிய துண்டு, தொலைநோக்கிக்கு இயர்போன் வயரின் உறை. வெட்டுவதற்கு நகவெட்டி போதும்.

முதுகுப்பைக்கு எம்-சீல் வாங்குங்கள். குழாய் ஒழுக்கை அடைக்கும் அதே இரட்டைக் களிம்புதான். வெளிநாட்டு மாடல்காரர்கள் இதன் உறவுக்காரக் களிம்புகளைத்தான் உயர்ந்த விலைக்கு வாங்குகிறார்கள். இரண்டு நிறமும் ஒன்றாகும்வரை பிசைந்து, விரலை ஈரமாக்கிக்கொண்டு உருவம் கொடுங்கள். ஒரு மெல்லிய கையுறை நல்லது, சிலருக்குத் தோலில் அரிக்கும். முதுகுத் திருகு இருக்கும் ஓட்டைதான் பையை மாட்டும் ஓட்டையும். அதற்கு அளவான குச்சித் துண்டைக் களிம்பு இறுகுமுன் பின்பக்கம் பதித்துவிடுங்கள். கட்டுப்போடும் காஸ் துணியை ஈரக் களிம்பின் மேல் ஒரு முறை அழுத்தி எடுத்தால் சாக்கின் நெசவு பதிந்துவிடும். இதே முறையில் 3 செ.மீ. நீள உருண்டைகளாகப் பிடித்து அழுத்தினால் மணல் மூட்டைகள். நான் பார்த்தவற்றில் மிகக் குறைந்த உழைப்புக்கு மிக நல்ல பலன் தருவது இந்த மூட்டைதான்.

ஒட்டுவதற்கு ஃபெவிகுயிக். மூட்டில் இடைவெளி இருந்தால் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைத் தூவி அதன்மேல் ஒரு சொட்டு விடுங்கள். அந்த நொடியே கல்லாக இறுகும். சூடும் புகையும் வரும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். பஞ்சு, பருத்தித் துணி பக்கம் இந்தப் பசையை வைக்காதீர்கள். அவற்றில் ஊறினால் தோல் சுடுமளவு கொதிக்கும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கிலும் வேண்டாம், வெள்ளைப் பூசணம் பூத்த மாதிரி மங்கிவிடும். பாட்டில் மூடி, ஸ்ட்ரா போன்ற வழுவழுப்பான சங்கதிகளில் பசையும் வண்ணமும் நிற்காது. உப்புத்தாளால் சொரசொரப்பாக்கினாலும் ஓரளவுதான். மரம், காகிதம், களிம்பு மூன்றையும் நம்புங்கள்.

வண்ணத்துக்கு ஃபெவிக்ரில் போன்ற அக்ரிலிக் போதும். எனாமல் மிருதுவான பி.வி.சி. பொம்மையில் பட்டால் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர் பிளாஸ்டிக்கையே கரைக்கும். துப்பாக்கி முழுதும் பளபளப்பில்லாத கறுப்பு அடித்துக் காயவிடுங்கள். பிறகு 4பி பென்சில் முனையை உப்புத்தாளில் உரசி, அந்தப் பொடியை விரலில் தொட்டு விளிம்புகளில் தேயுங்கள். ஐஸ்கிரீம் குச்சி மறைந்து, எண்ணெய் போட்டுத் துடைத்த இரும்பு தெரியும்.

குச்சியும் பொத்தானும் அசலுக்கு ஈடாகுமா என்ற சந்தேகம் உங்கள் கடிதத்தில் தெரிந்தது. சினிமா அசல்கள் எப்படிப் பிறந்தன என்று பாருங்கள். 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் நாயகன் ஏந்தும் ஒளிவாள், பழைய கிராஃப்லெக்ஸ் கேமராவின் ஃபிளாஷ் கைப்பிடி. அரங்கப் பொருள்களுக்குப் பொறுப்பாக இருந்த ரோஜர் கிறிஸ்டியன் அதில் கறுப்புப் பட்டைகளை ஒட்டினார். கால்குலேட்டரிலிருந்து எடுத்த குமிழ் வில்லைத் துண்டைச் செருகினார். அந்தப் படத்தின் கலை இயக்கத்துக்குக் கிடைத்த ஆஸ்கரில் அவருக்கும் பங்கு உண்டு. அதே படத்தில் வரும் ஓபி-வானுடைய வாள்பிடியின் அடிமுனையில் இருப்பது குளியலறைக் குழாயின் திருகுபிடி. அந்த வரிசையில் 1999-ல் வந்த படத்தில் குவை-கான் ஜின் என்ற பாத்திரம் பேசும் கருவி, பெண்களுக்கான ஜில்லெட் ரேஸரின் கைப்பிடியைப் பார்த்து வார்த்தது. அதே வரிசையின் 1980 படத்தில் மேக நகரத்தைக் காலிசெய்யும்போது ஓர் ஆள் ஐஸ்கிரீம் செய்யும் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு ஓடுவார். ரசிகர்கள் அதை விடவில்லை. பின்னாளில் ஹாஸ்ப்ரோ அவருக்கும் ஒரு பொம்மை போட்டது, கையில் அந்த இயந்திரத்தோடு. கடையில் காசு கொடுத்து வாங்கும் 'அசல்' சாமான், யாரோ ஒருவர் வீட்டுச் சாமானின் சின்ன நகல்.

என்னைக் கேட்டால், துப்பாக்கிதான் இதில் சலிப்பானது. கறுப்படித்து நீட்டினால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். அவற்றை ஒரு மாலையில் முடித்துவிட்டு, வீரர்களுக்கு வாழ்வதற்கான சாமான்களைச் செய்யுங்கள். காலர் பொத்தான்களை அடுக்கி, வயருக்குள் இருக்கும் செம்பு இழையை வளைத்துக் கைப்பிடி போட்டால் ஒன்றரை செ.மீ. உயரத்தில் அடுக்குக் கேரியர். ரீஃபிலின் ஒளிபுகும் குழலில் 5 மி.மீ. வெட்டி அடியை அடைத்து, உள்ளே பழுப்பு வண்ணம் ஒரு சொட்டு விட்டால் டீ கிளாஸ். பற்பசை ட்யூபை வெட்டிக் கழுவினால் மடித்த இடத்தில் மடிந்தபடி நிற்கும் தகடு கிடைக்கும். அதில் தகரக் கூரையும் போடலாம், வாளியும் சுருட்டலாம். காய்ந்த டீத்தூளை ஃபெவிகால் தடவிய அட்டையில் தூவினால் காலடிக்குச் செம்மண். ராக்கெட் குழலைக் கீழே சாத்திவிட்டு மணல் மூட்டைமேல் உட்கார்ந்து கேரியரைப் பிரிக்கும் வீரரை எந்தக் கம்பெனியும் பெட்டியில் போட்டு விற்றதில்லை.

வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் இதெல்லாம் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். பொத்தான் பேட்டரியை மட்டும் எக்காரணம் கொண்டும் சாமானாக்க வேண்டாம். விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும்.

முடித்ததும் நால்வரையும் படம் எடுத்து அனுப்புங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். கேரியர் எவ்வளவு சின்னது என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்