அடியாருக்காக வீடு வீடாகப் போன ஆண்டவன்!

திருக்கச்சூர் சொல்லும் வழித்துணைப் பாடம்

பெசன்ட் நகரில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலுக்குப் போய்விடலாம். அம்மாவுக்கு அவர்தான் குடும்ப டாக்டர்! சர்க்கரை நோய் வந்த நாளிலிருந்து திங்கட்கிழமை தவறாமல் அவரைத் தரிசிக்கிறார். 'இதே பெயரில் திருக்கச்சூரிலும் ஓர் ஈசன் அருள்புரிகிறார்' என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான்... "எப்போ கூட்டிட்டுப் போறே?" என்று தினம் ஒரு தடவையாவது கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் கிளம்பினோம். தாம்பரம் தாண்டியதும் டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. பஞ்சர் கடையைத் தேடிப் பிடித்து, சரிசெய்து கிளம்புவதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. திருக்கச்சூரை அடைந்தபோது உச்சி வெயில். நடை சாத்தப்போகும் நேரத்தில் கச்சபேஸ்வரரை அவசர அவசரமாகத் தரிசித்துவிட்டு வெளியே வந்தோம்.

கோயில் வாசலில் அம்மாவுக்குக் கை நடுங்கியது. முகமெல்லாம் வியர்வை. காலையில் இரண்டு இட்லியோடு மாத்திரை போட்டவர். பிஸ்கட் வைத்திருந்த பையையோ பஞ்சர் கடை பெஞ்சிலேயே மறந்து விட்டுவிட்டு வந்திருந்தோம்!

எனக்குக் கை கால் ஓடவில்லை. வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாள் ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். "சக்கரை இருக்குதா அவங்களுக்கு?" என்று கேட்டபடியே எழுந்து எதிர்வீட்டுக்கு ஓடினார். அங்கிருந்து ஒரு சொம்பில் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து வாங்கி வந்தார். அம்மா குடித்து, சற்றுத் தெளிந்ததும் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். மோர் சாதம், ஊறுகாய்.

"நீ சாப்பிட வெச்சிருந்ததாச்சேம்மா..." என்று அம்மா தயங்கினார்.

"மொதல்ல சாப்பிடுங்கம்மா. அப்புறம் பேசிக்கலாம்."

கிளம்பும்போது பணம் கொடுக்க முயன்றேன். அவர் சிரித்துவிட்டார். "சாமியே இந்த ஊருல வீடு வீடாப் போயி சோறு வாங்கியாந்து குடுத்திருக்காரு. நான் ஒரு டப்பா சோறு குடுத்ததுக்குக் காசா?"

ஆம்! அந்தப் பூக்கார அம்மாள் சொன்னது திருக்கச்சூரின் தலபுராணம். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் உருக உருகச் சொல்லியிருக்கும் வரலாறு.

மதிலோரம் அமர்ந்த சுந்தரர்

திருவாரூரிலிருந்து வடதிசைத் தலங்களைத் தரிசிக்கப் புறப்பட்ட சுந்தரர், திருக்கழுக்குன்றத்தை வணங்கிவிட்டுத் திருக்கச்சூர் ஆலக்கோயிலுக்கு வந்தார். ஈசனைத் தொழுது வெளியே வந்தபோது நண்பகல். உணவு கொண்டு வரவேண்டிய பரிசனங்கள் இன்னும் வந்து சேரவில்லை. பசியால் களைத்த சுந்தரர், கோயில் மதிலை ஒட்டி அமர்ந்துவிட்டார்.

அப்போது அந்தணர் ஒருவர் அங்கே வந்தார். 'மிகவும் பசித்திருக்கிறீர் போலிருக்கிறதே... நான் போய்ச் சோறு இரந்து கொண்டு வருகிறேன். இங்கேயே இரும்' என்று சொல்லிவிட்டுக் கையில் ஓடு ஏந்திப் புறப்பட்டார். கொளுத்தும் வெயில், சுடும் மண். ஊரிலுள்ள வீடுகள்தோறும் ஏறி இறங்கிப் பிச்சை வாங்கிக் கொண்டுவந்து சுந்தரர் முன் வைத்தார். சுந்தரர் அன்போடு அதை வாங்கி, உடன் வந்த அடியார்களுக்கும் அளித்துத் தாமும் உண்டார். நிமிர்ந்து பார்த்தால்... அந்தணரைக் காணோம்! வந்தவர் ஆலக்கோயில் அரசனே என்று உணர்ந்து, 'எனக்காகவா உன் திருவடிகள் இந்த வெயிலில் நடந்தன?' என்று கரைந்துபோய்ப் பதிகம் பாடினார் சுந்தரர். அந்த அருளை நினைவூட்டும் விதமாக, இங்கே ஈசனுக்கு 'விருந்திட்ட ஈஸ்வரர்' என்றும் திருநாமம் உண்டு.

சோறு யாருடையது?

இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். அன்று அம்மா அந்த மோர் சாதத்தைச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு கேள்வி எழுந்தது.

உலகுக்கே படியளக்கும் பெருமான் நினைத்திருந்தால், அறுசுவை விருந்தை ஒரு நொடியில் அங்கேயே வரவழைத்திருக்க முடியாதா? இதே யாத்திரையில், சீர்காழிக்கு அருகிலுள்ள திருக்குருகாவூருக்குச் செல்லும் வழியில் அப்படித்தானே செய்தார்! வெயிலில் வாடி வந்த சுந்தரருக்காக வழியிலே தண்ணீர்ப் பந்தல் அமைத்துக் காத்திருந்து, பொதிசோறும் குளிர்ந்த நீரும் தந்தார். கூட வந்தவர்கள் அத்தனை பேரும் உண்டும் அந்தச் சோறு குறையவில்லை. எல்லோரும் களைப்பில் கண்ணயர்ந்த வேளையில், பந்தலோடு அவரும் மறைந்துவிட்டார். திருச்சிக்கு அருகிலுள்ள திருப்பைஞ்ஞீலிக்கு நடந்து வந்த அப்பர் பெருமானுக்கும், வழியில் சோலையும் குளமும் உண்டாக்கி, கட்டமுது தந்து, 'நானும் அந்த ஊருக்குத்தான் போகிறேன்' என்று கூடவே நடந்து வந்தவர் அவர்தான்.

திருக்கச்சூரில் மட்டும் ஏன் வீடு வீடாகப் போக வேண்டும்?

எனக்குத் தோன்றிய பதில் இதுதான். அன்று சுந்தரரின் பசியைத் தீர்த்தது கச்சூர்க்காரர்களின் அடுப்பில் வெந்த சோறு. வாசலில் வந்து நின்றவர் யார் என்று அந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரியாது. யாருக்காகக் கேட்கிறார் என்பதும் தெரியாது. கேட்டார், ஆளுக்கு ஒரு பிடி போட்டார்கள். அந்தப் புண்ணியத்தில் ஊருக்கே பங்கு கிடைக்கட்டும் என்றுதான் ஐயன் தானே உண்டாக்காமல், ஊரிடம் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். எதிர்வீட்டுச் சர்க்கரையும் பூக்கார அம்மாளின் மோர் சாதமும் எங்களுக்குக் கிடைத்ததும் அதே வழியில்தானே!

இன்றும் உண்டு பந்தல்

முகம் அறியாதவருக்கு உதவுவதை வாழ்நாள் தொண்டாகவே செய்தவர் அப்பூதியடிகள் நாயனார். திங்களூரில் அவர் அமைத்த தண்ணீர்ப் பந்தலுக்கு, அதுவரை நேரில் பார்த்தே இராத திருநாவுக்கரசர் பெயரைத்தான் சூட்டியிருந்தார். களைத்து வந்து அந்த நிழலில் ஒதுங்கிய வழிப்போக்கர்களில் ஒருவராகத் திருநாவுக்கரசரே ஒருநாள் வந்து நின்றார்! தலைச்சுமையோடு நடப்பவர் யார் துணையும் இல்லாமல் இறக்கி வைக்க வழியோரம் சுமைதாங்கிக் கல் நட்டதும், சத்திரம் கட்டி ஊர் பேர் தெரியாதவருக்கு இலை போட்டதும் இந்த மரபின் தொடர்ச்சிதான்.

எங்கள் பகுதியிலும் அதைப் பார்க்கலாம். ஆகஸ்ட் 29 அன்று பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் கொடியேற்றத்துக்குக் காவி உடுத்தி நடந்து வருகிறவர்களுக்கு, வழிநெடுகத் தண்ணீரும் மோரும் கொடுக்கிறார்கள். கொடுப்பவர் நெற்றியில் விபூதி இருக்கும். வாங்குபவர் கழுத்தில் ஜெபமாலை இருக்கும். எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளை வளைவாக நிற்கும் நினைவுச் சின்னம் யாருக்காக என்று தெரியுமா? 1930 டிசம்பர் 30 அன்று, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்ற உதவியபோது தன் உயிரை விட்ட ஷ்மிட் என்ற டென்மார்க்காரருக்காக!

ஒரு மனக்குறை

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். திருக்கச்சூர் போவதற்கு ஒரு மாதம் முன்பு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் வந்துகொண்டிருந்தோம். ஓரமாக ஒரு பைக். பக்கத்தில் கணவன், மனைவி. அந்தப் பெண் கையை நீட்டி நிறுத்தச் சொன்னாள். வண்டி ஓட்டியது நான்தான். 'யாரோ என்னவோ... காலம் கெட்டுக் கிடக்கிறது' என்று நிறுத்தாமல் வந்துவிட்டேன். அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை.

திருக்கச்சூரிலிருந்து திரும்பும் வழியில் அம்மாவே பேச்சை எடுத்தார். "அன்னிக்கு அந்தப் பொண்ணு கை காட்டிச்சே... அதுக்கு என்ன ஆச்சோ?"

என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

பயம் நியாயமானதுதான். இரவில், ஆளில்லாத சாலையில், பெண்கள் தனியே இறங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், இறங்காமலே செய்யக்கூடியது இருந்தது. சற்றுத் தள்ளி வெளிச்சமான இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, 108-க்கோ காவல்துறைக்கோ போன் செய்திருக்கலாம். அடுத்த டீக்கடையில், 'அங்கே இரண்டு பேர் நிற்கிறார்கள், பாருங்கள்' என்று சொல்லியிருக்கலாம். விபத்தில் சிக்கியவருக்கு உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற கவலையும் இனி வேண்டாம். நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்களுக்கு, 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. விருப்பம் இல்லாவிட்டால் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று முதல் எங்கள் காரில் இரண்டு தண்ணீர் பாட்டில்களும் இரண்டு பிஸ்கட் பாக்கெட்டுகளும் கூடுதலாக இருக்கின்றன. ஒரு பாக்கெட் அம்மாவுக்கு; மற்றது வழியில் யாருக்கோ. ஊர் திரும்பும்போது அது தீர்ந்திருந்தால் அம்மாவின் முகத்தில் ஒரு நிறைவு தெரியும்.

அன்பர்களே! அடுத்த முறை யாத்திரை கிளம்பும்போது, கட்டுச்சாதத்தில் ஒரு பொட்டலம் கூடுதலாகக் கட்டிக்கொள்ளுங்கள். வழியில் கேட்டு வருபவர் யாராகவும் இருக்கலாம். கச்சூர்ப் பெண்களுக்கும் அன்று தெரியவில்லைதானே!

எங்கே இருக்கிறது?
சென்னை - செங்கல்பட்டு வழியில் உள்ளது சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையம். அங்கிருந்து சுமார் 2 கி.மீ. தொலைவில் திருக்கச்சூர்.

சுவாமி - அம்பாள்:
ஊருக்குள் இருக்கும் ஆலக்கோயிலில் கச்சபேஸ்வரர், அஞ்சனாட்சி அம்மை. திருமால் ஆமை வடிவில் வழிபட்டதால் ஈசனுக்கு இந்தப் பெயர். சற்றுத் தள்ளி மலைக்கோயிலில் மருந்தீஸ்வரர், இருள்நீக்கி அம்மை. இரண்டையும் சேர்த்துத் தரிசிப்பது சிறப்பு.

கவனத்துக்கு:
உச்சிவேளைக்கு முன்பே சென்றுவிடுவது நல்லது. சர்க்கரை நோய் உள்ளவர்கள், உண்பதற்கு ஏதாவது கையோடு எடுத்துச் செல்லுங்கள்!