கௌபியில் ஒரு கலர்ச் சம்பல்

உயர்தர மாணவி, கலைப்பிரிவு

எங்கள் வாப்பா சிறுபோகத்தில் அரை ஏக்கரில் கௌபி போடுவார். வவுனியா மாவட்டத்தில் எங்கள் ஊரில் பல வீடுகளில் இது வழமைதான். காய்களைப் பறித்து, காயவைத்து, அடித்து, தூற்றி, மூட்டையாகக் கட்டி வியாபாரியிடம் கொடுத்துவிடுவோம். அந்தக் காசில் வீட்டுச் சாமான் வாங்கும்போது தம்பிக்குப் பிஸ்கட்டும் நூடில்ஸும் வந்து சேரும்.

தம்பிக்கு நான்கு வயது. மரக்கறியைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்வான். போன வருடம் கிளினிக்கில் அவனை நிறுத்த குடும்பநல உத்தியோகத்தர், வளர்ச்சிப் பதிவேட்டில் கோடு மேலே ஏறாமல் படுத்துக் கிடப்பதைக் காட்டினார். "பயறு, கௌபி, இலைவகை எல்லாம் கொடுக்கிறீங்களா?" என்று கேட்டார். உம்மா தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் காணியில் விளைந்து மூட்டையில் போன அதே கௌபியைத்தான் அவர் கேட்டார்.

நான் உயர்தரத்தில் மனைப்பொருளியல் படிக்கிறேன். போசணை பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் என் சொந்தத் தம்பிக்கு அதில் ஒரு பக்கமும் உதவவில்லை என்பது அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. விடுமுறையில் தம்பியையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நால்வரையும் சேர்த்துக்கொண்டு ஒரு காரியம் செய்து பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏன் கௌபி?

காய்ந்த கௌபி 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. இரும்புச்சத்து, போலிக் அமிலம், நார்ச்சத்து ஆகியவையும் உண்டு. அவரையினத் தானியங்களின் புரதத்தில் மெதியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. அரிசி, கோதுமை போன்றவற்றில் லைசின் குறைவு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். நம் முன்னோர் சோற்றோடு பருப்பையும், உளுந்தோடு அரிசியையும் சேர்த்தது வீண்போகவில்லை. எள்ளில் மெதியோனின் நிறைய இருப்பதால் கௌபிக்கு அதுவும் நல்ல துணை.

தாவர உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் இலகுவில் உறிஞ்சப்படாது. விற்றமின் சி கூட இருந்தால் உறிஞ்சல் கூடும். எனவே தேசிக்காய்ப் புளி இங்கே ருசிக்கு மட்டும் சேர்ப்பதல்ல. இதற்கு மாறாக, சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன்டீ இரும்புச்சத்தின் உறிஞ்சலைக் குறைக்கும். எங்கள் வீடுகளில் சிறுபிள்ளைகளுக்கும் தேத்தண்ணீர் கொடுக்கும் பழக்கம் இருப்பதால் பெற்றோர் இதைக் கவனிப்பது நல்லது.

தொட்டுச் சாப்பிடும் உணவு

அரபு நாடுகளில் கடலையை அவித்து அரைத்து, எள்ளு விழுதும் உள்ளியும் எலுமிச்சைப் புளியும் சேர்த்து, ரொட்டியால் தொட்டுச் சாப்பிடுவார்கள். ஹும்முஸ் என்பது அதன் பெயர். அரபியில் அந்தச் சொல்லுக்குக் கடலை என்பதே பொருள். 2010 ஆம் ஆண்டு லெபனான் நாட்டுச் சமையற்காரர்கள் 10,452 கிலோ ஹும்முஸ் செய்து உலக சாதனை படைத்தார்கள். அவர்களது நாட்டின் பரப்பளவு 10,452 சதுர கிலோமீற்றர் என்பதால் அந்த அளவைத் தெரிந்தெடுத்தார்கள். இந்தக் கதையைச் சொன்னதும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

நமக்குக் கடலை வெளிநாட்டிலிருந்து வருகிறது, விலையும் கூட. கௌபியும் எள்ளும் வன்னி மண்ணில் விளைகின்றன. அதனால் கடலைக்குப் பதிலாகக் கௌபியை எடுத்தேன். ஒரே விழுதை மூன்றாகப் பிரித்து மரக்கறிகளால் மூன்று நிறம் கொடுத்தேன். 'கலர்ச் சம்பல்' என்று பெயர் வைத்தவர்கள் பிள்ளைகள்தான்.

தேவையானவை

கௌபி 250 கிராம், வறுத்த எள்ளு 3 மேசைக்கரண்டி, உள்ளி 2 பல், தேசிக்காய் 2, நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி, சீரகத்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு அளவாக.
நிறத்துக்கு: கரட் 1, பீட்றூட் பாதி, முருங்கையிலை ஒரு கைப்பிடி.
தொட்டுச் சாப்பிட: கெக்கரிக்காய், கரட், போஞ்சி, ரொட்டித் துண்டுகள்.

செய்முறை

கௌபியைக் கல் பொறுக்கிக் கழுவி இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும். ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாக மசியும்வரை அவிக்க வேண்டும். அவித்த தண்ணீரில் ஒரு கோப்பையை எடுத்து வைக்க வேண்டும். கரட்டையும் பீட்றூட்டையும் வேறு வேறாக அவிக்கலாம். முருங்கையிலையைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்தால் போதும்.

எள்ளையும் உள்ளியையும் அம்மியில் மைபோல அரைத்து, கௌபியோடு சேர்த்து மசித்து, எண்ணெய், சீரகத்தூள், உப்பு, தேசிக்காய்ப் புளி சேர்க்க வேண்டும். இறுகினால் எடுத்துவைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். நான் முதல் முறை அரைக் கோப்பையை ஒரேயடியாக ஊற்றிச் சொதி மாதிரி ஆக்கிவிட்டேன். பிறகு விழுதை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் கரட், ஒன்றில் பீட்றூட், ஒன்றில் முருங்கையிலை அரைத்துக் கலக்க வேண்டும். கரட்டின் பீற்றா கரோட்டின் எண்ணெயோடு சேரும்போதுதான் உடலில் நன்றாக உறிஞ்சப்படும். எண்ணெயை விட்டுவிடக் கூடாது.

யாருக்கு என்ன வேலை?

நெருப்பும் கத்தியும் என் பொறுப்பு. மற்ற எல்லா வேலையும் பிள்ளைகளுக்கு. நான்கு, ஐந்து வயதினர் கௌபியில் கல் பொறுக்கினார்கள், முருங்கையிலை உருவினார்கள், ஆறிய கரட்டைக் கரண்டியால் மசித்தார்கள். ஏழு, எட்டு வயதினர் தேசிக்காய் பிழிந்தார்கள், கரண்டிக் கணக்குப் பார்த்தார்கள். பத்து வயதுப் பிள்ளை அம்மியில் அரைத்தாள். தொடங்கும் முன் எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி பிஸ்மில்லாஹ் சொன்னார்கள்.

ஊறவைத்த கௌபி இருமடங்கு பெருத்திருந்ததைப் பார்த்து, "ராத்தா, இது ராவைக்கு வளந்திட்டுது!" என்று தம்பி கத்தினான். பீட்றூட் சேர்த்ததும் விழுது ரோசாப்பூ நிறமானபோது எல்லாரும் சட்டிக்குள் தலையை விட்டார்கள்.

சாப்பிடும்போது நடந்தது

ஒரே தட்டில் மூன்று நிறத்தையும் வைத்தேன். தம்பி கெக்கரிக்காயால் ரோசாவைத் தொட்டு, நக்கிவிட்டு, அதே துண்டைத் திரும்பவும் தட்டில் போட்டுத் தொட்டான். பெரிய பிள்ளைகள் "ச்சீ" என்றார்கள். அவன் முகம் சுருங்கியது.

அப்போது உம்மும்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் வளர்ப்பில் இருந்த ஒரு சிறுவன் தட்டெங்கும் கையை ஓட விட்டதையும், நபியவர்கள் கோபிக்காமல், அல்லாஹ்வின் பெயர் சொல்லி வலது கையால் தனக்கு அருகிலிருப்பதை உண்ணும்படி கற்றுக்கொடுத்ததையும் சொன்னார். நபியவர்கள் சுரைக்காயை விரும்பி உண்டதையும் சொன்னார். "மரக்கறி நபி சாப்பிட்டதா?" என்று தம்பி கேட்டான். ஆளுக்கொரு சிறு கோப்பையில் பிரித்துக் கொடுத்ததும் பிரச்சினை தீர்ந்தது.

உம்மும்மாவுக்கும் ஒரு கோப்பை நீட்டினேன். முதலில் வேண்டாம் என்றார். 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளத்துக்குப் போய்க் கொட்டிலில் இருந்தவர் அவர். "நிவாரணத்தில தந்த பருப்பையும் பயறையும் அவிச்சு அவிச்சுத் திண்டு அலுத்துப்போச்சு புள்ள. ஊருக்கு வந்தா என்ட புள்ளயளுக்கு இது வேணாமெண்டு நினைச்சன்" என்றார். எங்கள் வீட்டில் கௌபி ஏன் அடுப்புக்கு வராமல் மூட்டையிலேயே போனது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. தம்பி தன் கையால் ரொட்டித் துண்டைத் தொட்டு அவர் வாயில் வைத்தான். மென்று பார்த்துவிட்டு, "உப்புக் காணாது" என்றார். பிறகு கோப்பையை வாங்கிக்கொண்டார்.

எல்லாம் வெற்றி என்று சொல்ல மாட்டேன். பச்சைச் சம்பலை அன்று யாரும் தொடவில்லை, முருங்கையிலை கூடிக் கசந்துவிட்டது. அடுத்த வாரம் இலையைப் பாதியாக்கி, தேசிக்காய் கூட்டியதும் மூன்று பேர் சாப்பிட்டார்கள். புதிய உணவொன்றைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பல தடவை ருசி பார்க்க வேண்டியிருக்கும். ஒரு முறை துப்பினால் அதைப் பிடிக்காத உணவு என்று முடிவு கட்டக் கூடாது. வற்புறுத்தி ஊட்டவும் கூடாது.

பெற்றோர் கவனத்துக்கு

சிறுபிள்ளைகளுக்குக் கரட்டையும் போஞ்சியையும் அரை அவியலாக்கிக் கொடுங்கள். பச்சைக் கரட் துண்டு தொண்டையில் சிக்கலாம். எள்ளு சில பிள்ளைகளுக்கு ஒவ்வாது, முதலில் சிறிதளவு கொடுத்துப் பாருங்கள். நம் வெயிலுக்கு இதை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அந்த வேளைக்கு அளவாகச் செய்தால் போதும்.

மூன்று மாதத்துக்குப் பிறகு கிளினிக்கில் தம்பியின் கோடு சற்று மேலே ஏறியிருந்தது. அது சம்பலால் மட்டும்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்போது அவன் கௌபி கேட்கிறான். இம்முறை அறுவடையில் வாப்பா பத்துக் கிலோவை மூட்டையில் போடாமல் பானையில் போட்டு, மேலே வேப்பிலை பரப்பி மூடி வைத்தார். "இது புள்ளயளுக்கு" என்றார்.

ஐக்கிய நாடுகள் சபை பெப்ரவரி 10 ஆம் திகதியை உலக அவரையினத் தானிய தினமாக அறிவித்திருக்கிறது. அன்றோ, நோன்பு திறக்கும் ஒரு மாலையிலோ, சகோதரிகளே, உங்கள் வீட்டுச் சின்னவர்களைக் கூப்பிட்டு ஒரு சட்டி கலர்ச் சம்பல் செய்து பாருங்கள். அடுப்படி கொஞ்சம் அழுக்காகும். கழுவினால் போய்விடும்.