கணினிக் கணக்கேடும் அமானிதப் பொறுப்பும்

முன்னுரை

கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்தல் இசுலாமிய வாழ்வியலின் இன்றியமையாக் கூறாகும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியே பேசுகின்றது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. இறந்தவர் விட்டுச் சென்ற பொருளைப் பங்கிடுமுன் அவர்தம் கடனும் வஸிய்யத்தும் நிறைவேற்றப்படல் வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். அன்று பேரேட்டில் எழுதப்பெற்ற குடும்பக் கணக்கு இன்று பல இல்லங்களில் கணினிக்குள் குடிபுகுந்துள்ளது. பழைய கணினியை விடுத்துப் புதியதை நாடும்போது அக்கணக்கைச் சிதைவின்றிக் கொண்டுசெல்வது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எழுதுகோலும் ஏடும்

கணக்கு மென்பொருள் எழுதுகோல் போன்றது. தரவுக் கோப்பு ஏடு போன்றது. எழுதுகோலை மீண்டும் பெறலாம். ஏடு தொலைந்தால் தொலைந்ததே. 1991-இல் வெளிவந்த ‘மைக்ரோசாஃப்ட் மணி’ என்னும் மென்பொருளின் விற்பனை 2009-இல் நிறுத்தப்பட்டது. அதில் கணக்கெழுதி வந்தோர் ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியே ‘கியூ.ஐ.எஃப்’ என்னும் பொது வடிவிற்கு மாற்றி வேறு மென்பொருளுக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது. அங்ஙனம் மாற்றுகையில், ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்குச் சென்ற தொகை இரு கோப்புகளிலும் இடம்பெறுவதால் இருமுறை பதிவாகவும் வாய்ப்புண்டு. எனவே, கணக்கைத் தொடங்கும்போதே அதனை வெளியே எடுக்க வழியுண்டா எனப் பார்த்துத் தொடங்குவது அறிவுடைமை.

இடமாற்றும் முறை

கட்டணமின்றிக் கிடைக்கும் ‘க்னூகேஷ்’ என்னும் மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

1. பழைய கணினியில் ஐந்தொகையை அச்சிட்டுக் கொள்க. ஒவ்வொரு கணக்கின் இருப்பும் அதில் தெரிதல் வேண்டும்.

2. கோப்பைச் சேமித்து மென்பொருளை முறையாக மூடுக. திறந்திருக்கும்போது படியெடுத்தால் இறுதிப் பதிவுகள் விடுபடக்கூடும்.

3. முதன்மைக் கோப்பு இருக்கும் இடத்திலேயே நாளும் நேரமும் பெயரில் தாங்கிய காப்புப் படிகளும் இருக்கும். அவற்றை முதன்மைக் கோப்பென மயங்குதல் கூடாது. முதன்மைக் கோப்பை இரண்டு பென்டிரைவ்களில் படியெடுக்க.

4. நாம் அமைத்துச் சேமித்த அறிக்கை வடிவங்கள் வேறிடத்தில் உள்ளன. பற்றுச்சீட்டுப் படங்களை இணைத்திருப்பின் அவையும் கோப்புக்குள் இல்லை. இவற்றைத் தனியே எடுத்துச் செல்க.

5. புதிய கணினியில் அதே பதிப்பையோ அதனினும் புதிய பதிப்பையோ நிறுவுக. புதிய பதிப்பில் எழுதியதைப் பழைய பதிப்பு படிக்க இயலாமற் போகலாம்.

6. கோப்பைத் திறந்து, அச்சிட்ட ஐந்தொகையுடன் வரிவரியாக ஒப்பிடுக. ஒரு ரூபாய் வேறுபட்டாலும் காரணம் காணாது மேற்செல்லற்க.

7. அதன்பின் புதிய கணினியில் மட்டுமே எழுதுக. இரண்டிலும் எழுதினால் ஏடுகள் இரண்டாகும்; அவற்றைப் பின்னர் ஒன்றாக்குதல் அரிது.

தமிழ்ப் பெயர்களின் நிலை

தமிழ் பயில்வோர் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. முன்னாளில் வெவ்வேறு எழுத்துருக் குறியீடுகளில் தட்டெழுதப்பெற்ற கணக்குப் பெயர்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. பழைய பெயர்களை ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே பழைய கணினியைக் கைவிடல் வேண்டும். தொகை மட்டும் எஞ்சி, கடன் கொடுத்தவர் பெயர் படிக்க முடியாது போயின் அக்கணக்கால் யாது பயன்?

ஜகாத்தும் மறைபொருளும்

ஜகாத் சந்திர ஆண்டைக் கொண்டு கணக்கிடப்படுவது. அவ்வாண்டு ஏறத்தாழ 354 நாள். ஆகவே இறுதி இருப்பை மட்டும் புதிய கணினியில் எழுதித் தொடங்குதல் போதாது. பொருள் கைவந்த நாளும் உடன் வருதல் வேண்டும். அன்றியும், நம் கோப்பில் பிறர் பட்ட கடனும் பதிவாகியுள்ளது. அது நம்மிடம் உள்ள அமானிதம். கோப்பைக் குப்பைத்தொட்டியில் இடுவது அழிப்பதாகாது. ஒரு திங்கள் புதிய கணக்கு பிழையின்றி நடந்த பின், பழைய வட்டினை முற்றாகத் துடைத்த பிறகே கணினியைப் பிறர்க்கு விற்றல் முறை.

முடிவுரை

கருவிகள் மாறும், கடமை மாறாது. கோப்பு இருக்கும் இடத்தையும் அதனைத் திறக்கும் முறையையும் வீட்டில் நம்பிக்கைக்குரிய ஒருவரேனும் அறிந்திருத்தல் நன்று. நமக்குப் பின் நம் கடனை அடைக்க முன்வருவோர்க்கு நாம் விட்டுச் செல்லும் தெளிவான சான்று அதுவே எனலாம்.