பிங் ஏறினால் பழி யார்மேல்? நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆன்லைன் ஆட்டத்தில் எதிராளி நின்ற இடத்திலிருந்து தாவி வேறோர் இடத்தில் தோன்றினால், சுட்ட குண்டு அரை நொடி கழித்துப் பட்டால், இணைய வேகம் போதவில்லை என்பதே பெரும்பாலோர் முடிவு. 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300-க்கு உயர்த்திய பிறகும் அதே லேக் தொடர்வது பல வீடுகளில் கண்ட அனுபவம். ஆட்டம் நடக்கும்போது போய்வரும் தரவு பொதுவாக 1 எம்பிபிஎஸ்ஸைக்கூட எட்டுவதில்லை. சர்வருக்குப் போன பாக்கெட் எத்தனை மில்லி நொடியில் திரும்புகிறது, அந்த நேரம் சீராக இருக்கிறதா என்பவைதான் ஆட்டத்தைத் தீர்மானிக்கின்றன. முதலாவது பிங், அது ஏறி இறங்குவது ஜிட்டர்.

வீட்டில் பிங் ஏறுவதற்கு முக்கியமான காரணம், பலரும் கேள்விப்படாத ஒன்று: ரவுட்டருக்குள் உருவாகும் வரிசை. அடுத்த அறையில் ஒரு கைப்பேசி படங்களைக் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்குகிறது. இணைப்பு தாங்குவதைவிட அதிகமாக வரும் பாக்கெட்டுகளை ரவுட்டரோ மோடமோ தள்ளிவிடாமல் நினைவகத்தில் அடுக்கிக்கொண்டே போகிறது. அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ், வரிசையில் 1 எம்பி தரவு நிற்கிறது என்றால், அது கரைய 0.8 நொடி ஆகும். ஆட்டத்தின் சின்னஞ்சிறு பாக்கெட்டும் அதன் பின்னால்தான் நிற்க வேண்டும்; 30-ல் இருந்த பிங் 800-ஐத் தாண்டிவிடும். பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜிம் கெட்டிஸ் 2010-ல் தம் வீட்டு இணைப்பிலேயே இதைக் கவனித்தார். 'பஃபர்ப்ளோட்' என்ற பெயர் இதற்கு நிலைத்தது. காத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-ல் வெளியிட்ட 'கோடெல்' முறையும், அதை ஒட்டி வந்த 'எஃப்க்யூ-கோடெல்' முறையும் வரிசையை நீளவிடாமல் கட்டுப்படுத்துகின்றன. ரவுட்டர் அமைப்புகளில் இத்தகைய முறைகளை இயக்கும் எஸ்க்யூஎம் என்ற பிரிவு இருந்தால், அப்லோட், டவுன்லோட் வரம்புகளை அளந்த வேகத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடாக வைக்கலாம். வேகத்தில் கொஞ்சம் இழப்புதான். ஆட்டத்துக்கு அது நல்ல பேரம்.

வைஃபை குறியீட்டில் எல்லாக் கோடுகளும் தெரிந்தால் பிரச்சினை இல்லை என்பது இன்னொரு நம்பிக்கை. அந்தக் கோடுகள் சிக்னலின் வலிமையைக் காட்டும். அலைவரிசையில் எத்தனை பேர் முட்டிமோதுகிறார்கள் என்பதைக் காட்டாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது ரவுட்டர்கள் இந்த மூன்றையும் பங்கிட்டுக்கொள்கின்றன. போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டுவதில் பலவீனமானது என்றாலும் நெரிசல் குறைவு. ஈதர்நெட் கேபிள் இழுத்துவிட்டால் இந்தப் பேச்சே எழாது.

டிஎன்எஸ் மாற்றினால் பிங் குறையும் என்பதில் உண்மையில்லை. சர்வரின் முகவரியைத் தேடித் தருவதோடு டிஎன்எஸ்ஸின் வேலை முடிந்துவிடும்.

வெளியிலிருந்து வரும் இணைப்புக்கு ரவுட்டரில் வழி திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங் லேக்கைப் போக்காது. வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே வெளிமுகவரியைப் பகிரும் 'நாட்' முறையின் கட்டுப்பாட்டால் நண்பர்களோடு அணி சேர முடியாமல் போவது, குரல் கேட்காமல் போவது ஆகியவற்றுக்கே அது மருந்து. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொதுமுகவரியைப் பகிர்ந்து தருகிறது என்று பொருள். அப்போது வீட்டு ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தும் பயனில்லை.

ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. நிரம்பிய இணைப்புப் பட்டியல் காலியாகும், நெரிசல் குறைந்த சேனல் கிடைக்கவும்கூடும். காரணம் அப்படியே இருந்தால் தொல்லை திரும்ப வரும். அணைப்பதற்கு முன் கணினியிலிருந்து ரவுட்டரின் முகவரிக்கே, பெரும்பாலும் 192.168.1.1, பிங் அனுப்பிப் பார்ப்பது மேல். அதுவே ஏறி இறங்கினால் கோளாறு வைஃபையில். அது சீராக இருந்து, அப்லோட் நடக்கும்போது மட்டும் வெளி சர்வரின் பிங் தாவினால் வரிசையில். இரண்டிலும் குறையில்லை என்றால் ரவுட்டர்மேல் பழியில்லை; நிறுவனத்தின் வழித்தடமோ தொலைவோதான் காரணம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேர்க்கோட்டிலேயே சுமார் 2,900 கி.மீ. என்பதால், போய்த் திரும்பக் குறைந்தது 29 மில்லி நொடி வேண்டும். 'கேமிங்' என்று பெயர் ஒட்டி விற்கும் ரவுட்டராலும் அதைக் குறைக்க முடியாது.